கவிழ்த்து வைத்த அட்டையும் இருபத்தோரு நாள் நோட்டீஸும்

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டிபன் சாப்பிடும் ஹோட்டல் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். பதினைந்து மேசை, ஒரு பார்சல் கவுண்டர், வாசலில் காபி. காலையில் டெப்போ ஆட்கள், அப்புறம் போரூர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், பத்து மணிக்கு மேல் ஐ.டி. பையன்கள். பார்த்தால் எல்லா ஊரிலும் இருக்கிற ஹோட்டல் மாதிரிதான்.

போன வருஷம் திடீரென்று ஒவ்வொரு மேசையிலும் கியூஆர் கோடு ஒட்டிய ஒரு சின்ன ஸ்டாண்டு வந்து உட்கார்ந்தது. ஸ்கேன் செய்தால் மெனு வரும். தொட்டால் ஆர்டர் நேராக அடுப்படியில் மாட்டியிருக்கும் திரைக்குப் போய்விடும். பணமும் அதிலேயே கட்டிவிடலாம். அதே வாரத்தில் கேமராவும் மாற்றினார்கள். ஹோட்டலில் கேமரா புதுசா என்ன? கல்லாவுக்கு மேலே எப்பவும் ஒன்று இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் ஏ.ஐ. மென்பொருள் இருக்கிறதாம். எந்த மேசை எத்தனை நிமிஷம் துடைக்காமல் கிடந்தது, எந்த சப்ளையர் எவ்வளவு நேரம் ‘சும்மா’ நின்றார் என்று எண்ணி, ராத்திரி முதலாளியின் போனுக்கு அனுப்பிவிடும்.

பத்து நாள் கழித்து ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் உட்காருகிற மேசையில் எல்லாம் அந்த ஸ்டாண்டு கவிழ்ந்து கிடந்தது. முதலில் யாரோ தட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் கவிழ்ந்திருந்தது. அதற்கு மறுநாள் அதன்மேல் டம்ளர் இருந்தது. மேசை துடைக்கும்போதே ஈரத்துணியால் அதையும் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டு, “என்ன சார் சாப்பிடுறீங்க?” என்று கேட்பார்கள். நாமும் வாயால் சொல்லிவிடுவோம். பழக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு சப்ளையர் அண்ணன், சிவகங்கைப் பக்கம், முப்பது வருஷமாக இந்த வேலை. அவரிடம் மெதுவாகக் கேட்டேன். “ஏண்ணே, அது படுத்தே கிடக்கு?”

“தண்ணி பட்டா கெட்டுப் போயிரும்ல சார், அதான்” என்றார். சிரிக்கவில்லை.

ஹோட்டல் தொழிலாளர்கள் ஏ.ஐ.க்கு எதிராக என்ன செய்கிறார்கள் என்று எழுதலாமே என்று நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. லாஸ் வேகஸ், சான்ஃபிரான்சிஸ்கோ என்று தேடிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு என் மேசையிலேயே குப்புறக் கிடந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம்ம ஊர் ஹோட்டலுக்கு இயந்திரம் புதிதில்லை. ஆட்டுக்கல்லிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு நடுத்தர டிபன் ஹோட்டலுக்குத் தினமும் எவ்வளவு மாவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். அதை ஒரு காலத்தில் ஆள்தான் ஆட்டினார். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, பின்கட்டில், பெரிய கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் அதே கல்லை மோட்டாரோடு சேர்த்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இன்றைக்கு இட்லி கிடைக்கிற எந்த ஹோட்டலிலும் அது ஓடுகிறது.

கிரைண்டரை எதிர்த்து மாவாட்டிகள் நடத்திய பேரணி என்று ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை. அதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தோள்பட்டை கழண்டு போகிற வேலை அது. போனால் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தவிர, அந்தச் சமயத்தில் ஹோட்டல்கள் பெருகிக்கொண்டிருந்தன. மாவாட்டியவர் காய் வெட்டலாம், அடுப்படியில் எடுபிடியாக இருந்து மாஸ்டர் ஆகலாம். இயந்திரம் தின்றது அவருடைய முதுகுவலியைத்தான், சோற்றை அல்ல. இயந்திரம் என்றாலே தொழிலாளி கல்லெறிவான் என்று சொல்கிறவர்களுக்கு நம்ம ஊர் கிரைண்டரைத்தான் காட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் எப்போது எதிர்க்கிறார்கள்?

இந்தியாவில் இயந்திரத்தை எதிர்த்த மிகப் பெரிய போராட்டம் ஹோட்டலில் நடக்கவில்லை, ஆபீஸில் நடந்தது. எல்.ஐ.சி. 1956-ல் உருவானது. 1960-களின் நடுவில் கல்கத்தாவில் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊழியர்கள் இலாக்கோ ஹவுஸ் என்ற கட்டிடத்துக்கு இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். காவல் என்றால் கம்ப்யூட்டரைப் பாதுகாக்க அல்ல. அது உள்ளே வந்துவிடாமல் இருக்க. இன்றைக்கு ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மத்திய அரசு 1969-ல் பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையில் தானியங்கி முறை பற்றி ஒரு குழுவே அமைத்தது. 1972-ல் அறிக்கை வந்தது. ஒரு இயந்திரம் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது, எந்த நிபந்தனையில் அனுமதிக்கலாம் என்று நாடு உட்கார்ந்து பேசியது.

வங்கிகளில் இது இன்னும் தெளிவாக நடந்தது. 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் கம்ப்யூட்டர் பற்றி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எந்த மாதிரி இயந்திரம், எந்த அலுவலகத்தில், எத்தனை. அதில் உட்காருகிறவருக்கு என்ன தனிப்படி. இதனால் யாருக்கும் வேலை போகக்கூடாது என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. அதன்பிறகுதான் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் கிளைகளுக்குள் வந்தன. சங்கங்கள் கம்ப்யூட்டரைத் தள்ளிப்போட்டு நாட்டைப் பின்னுக்கு இழுத்தன என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். பாஸ்புக்கோடு மணிக்கணக்கில் கவுண்டரில் நின்ற அனுபவம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த கிளார்க்குகளுக்குக் கிடைத்த ஒன்று கவனிக்க வேண்டியது: இயந்திரம் வாசலுக்கு வருவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு கையெழுத்து கேட்கப்பட்டது.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் விஷயமே.

1947-ல் வந்த தொழில் தகராறு சட்டத்தில் 1956-ல் ஒரு திருத்தம் செய்து 9-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சில குறிப்பிட்ட விஷயங்களில் வேலை நிலைமையை மாற்ற வேண்டுமென்றால் முதலாளி தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; கொடுத்து இருபத்தோரு நாளுக்குள் மாற்றக்கூடாது. எந்தெந்த விஷயங்கள் என்று நான்காம் அட்டவணையில் பதினொரு இனங்கள். சம்பளம், வேலை நேரம், ஷிப்டு என்று வரிசையாகப் போகிறது. ஒன்பதாவது இனம், புதிய ஒழுங்கு விதிகளைக் கொண்டுவருவது. பத்தாவது இனம், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய விதத்தில் இயந்திரத்தையோ வேலை முறையையோ மேம்படுத்துவது. பதினொன்றாவது, ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவது, குறைப்பது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஹோட்டல் கூரைதான் நினைவுக்கு வந்தது. நிமிஷக் கணக்கில் ஆளை எண்ணும் கேமரா ஒன்பதில் வரும் என்று வாதாடலாம். ஆர்டர் எடுக்கிற வேலையையே எடுத்துக்கொள்கிற கியூஆர் அட்டை, அதனால் ஆள் குறையும் என்றால், பத்தில் வரும். 1956-ல் எழுதியவர்கள் பருத்தி ஆலையையும் சணல் ஆலையையும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். ஆனால் வார்த்தை அப்படியே மேசை ஏழுக்கும் பொருந்துகிறது.

அடுத்த வருஷமே, 1957 ஜூலையில், 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற மாநாடு. அதே மாநாட்டில் நவீன இயந்திரங்கள் பற்றியும் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டன. வேலை போகக்கூடாது, வருமானம் குறையக்கூடாது; கிடைக்கிற லாபத்தைச் சமூகமும் முதலாளியும் தொழிலாளியும் நியாயமாகப் பங்கிட வேண்டும்; வேலைப் பளு எவ்வளவு என்பதை முறையாக மதிப்பிட வேண்டும். ஏ.ஐ. ஒழுங்குமுறை என்று இன்று உலகம் முழுக்கக் கருத்தரங்கு நடத்திப் பேசுவதில் பாதி இதில் இருக்கிறது.

நம்ம மாநிலத்தில் 1958-லேயே உணவு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. ஹோட்டல் ஊழியருக்கு வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. ஆக, ஹோட்டல் தொழிலாளி சட்டத்தின் கண்ணில் படாதவர் அல்ல. பட்டவர்தான். காகிதத்தில் பட்டவர்.

ஹோட்டல் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று ஜெயித்த கதையே நமக்கு இல்லையா? இருக்கிறது. அதே 1957–58-ல்தான். காபி வாரியம் தன்னுடைய இந்தியா காபி ஹவுஸ்களை மூட முடிவுசெய்து ஆட்களை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் ஊக்கம் கொடுக்க, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை எடுத்து நடத்தினார்கள். முதலில் பெங்களூரில், அப்புறம் டெல்லியில், 1958 மார்ச்சில் திருச்சூரில். பாண்டிச்சேரி நேரு வீதிக்குப் போனவர்கள் அந்த வரிசையில் ஒன்றில் காபி குடித்திருப்பீர்கள். கேரளத்தில் தலைப்பாகையோடு பரிமாறுகிறவர் அந்தக் கடைக்குப் பங்குதாரரும்கூட. அப்படிப்பட்ட கடையில் நாளைக்கு கியூஆர் அட்டை வைக்கலாமா என்று கேள்வி வந்தால் அதை யார் தீர்மானிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அட்டை அதே அட்டைதான்.

இனி லாஸ் வேகஸுக்குப் போகலாம். ஐயப்பன்தாங்கலிலிருந்து அது ரொம்ப தூரம், ஆனால் ஹோட்டல் தொழிலாளி ஏ.ஐ.யை எதிர்கொண்ட வரலாற்றில் இன்றைக்குத் தலைநகரம் அதுதான். அங்கே சமையல்காரர், பரிமாறுகிறவர், அறை சுத்தம் செய்கிறவர் எல்லாரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். கலினரி தொழிலாளர் சங்கம், கிளை 226. 1935-ல் ஆரம்பித்தது. இந்தச் சங்கத்தின் முதுகெலும்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1991 செப்டம்பரில் ஃபிரான்டியர் என்ற ஹோட்டலில் சுமார் 550 பேர் வேலைநிறுத்தம் ஆரம்பித்தார்கள். 1998 ஜனவரி கடைசியில்தான் முடிந்தது. ஆறு வருஷம் நாலு மாதம். அத்தனை நாளில் ஒருவர்கூட மறியலைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை. முதல் தடவை படித்தபோது நம்பவே முடியவில்லை, இன்னும் இரண்டு இடத்தில் சரிபார்த்தேன்.

2017-ல் அந்த ஊரில் ஒரு பார் திறந்தது. இரண்டு ரோபோ கைகள் மதுவைக் கலந்து கொடுக்கும். கூட்டம் வேடிக்கை பார்த்தது, பாரில் வேலை செய்தவர்களும் வேறு கண்ணோடு பார்த்தார்கள். 2018 மே மாதம் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் 25,000 பேர் ஓட்டுப் போட்டார்கள், 99 சதவீதம் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம். வேலைநிறுத்தத்துக்குத் தேவையே வரவில்லை. கிடைத்த ஒப்பந்தத்தில் ஒரு புது அம்சம் இருந்தது: வேலையைப் பாதிக்கக்கூடிய தொழில்நுட்பம் வருகிறதென்றால் ஆறு மாதம் வரை முன்கூட்டியே சொல்ல வேண்டும், புது வேலைக்கு இலவசப் பயிற்சி கொடுக்க வேண்டும். ரோபோவே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்றார்கள்.

அதே 2018 அக்டோபரில் மாரியட் ஹோட்டல்களில் எட்டு நகரங்களில் சுமார் 7,700 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும்’ என்பது முழக்கம். சான்ஃபிரான்சிஸ்கோவில் இரண்டு மாதம் நீண்டது. சம்பளம்தான் பிரதானம், ஆனால் தொழில்நுட்பமும் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது. ஏனென்றால் அறை சுத்தம் செய்யும் பெண்கள் கையில் அப்போதே ஆப் வந்துவிட்டது. முன்பெல்லாம் காலையில் அன்றைய அறைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, எதை முதலில் முடிப்பது என்று அவர்களே திட்டம் போடுவார்கள். எந்த அறைக்காரர் சீக்கிரம் கிளம்புவார், எந்த மூலையில் குப்பை அதிகம், தள்ளுவண்டியை எந்தப் பக்கமிருந்து தள்ளினால் நடை மிச்சம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆப் வந்தபிறகு அடுத்த அறை எது என்று அதுதான் சொல்லும். தாழ்வாரத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, மறுபடி இந்த முனை. ஆள் குறையவில்லை. ஆனால் ஆளுக்குள் இருந்த ஒரு அறிவு வேண்டாததாகிவிட்டது. எனக்கு இது ரோபோவைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2023 நவம்பரில் வேகஸில் அடுத்த ஒப்பந்தம். இதற்குள் சாட்ஜிபிடி எல்லாம் வந்துவிட்டது. தொழில்நுட்பத்தால் வேலை போனால், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 2,000 டாலர். தொழிலாளி எங்கே நிற்கிறார், எங்கே நடக்கிறார் என்று கண்காணிக்கும் கருவி வைப்பதென்றால் சங்கத்தோடு பேச வேண்டும். நம்ம ஹோட்டல் கூரையில் மாட்டியிருக்கும் அதே சமாச்சாரத்துக்கு அங்கே பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம்ம சட்டத்தில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் இருபத்தோரு நாள் நோட்டீஸ் இருக்கிறது. புதிதாக மறுபயிற்சி நிதி என்று இன்னொரு பதினைந்து நாள் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தொகை வேகஸைவிடக் குறைவு என்பது பெரிய பிரச்சினையே இல்லை. அங்கே அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஆறு வருஷம் வெயிலில் நின்ற ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அவரிடம் நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டும்.

ரோபோ என்றதும் நம்ம பகுதிக்காரர்களுக்கு முகலிவாக்கம் ஞாபகம் வரும். 2017-ல் ஓ.எம்.ஆரில் ரோபோ பரிமாறும் உணவகம் ஒன்று திறந்தது. அப்புறம் போரூர் பக்கம் முகலிவாக்கத்திலும் ஒன்று. மேசையில் இருக்கும் டேப்லெட்டில் ஆர்டர் கொடுத்தால் ரோபோ தட்டை ஏந்திக்கொண்டு வரும். தமிழிலும் இரண்டு வார்த்தை பேசும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கலிலிருந்தே நிறையப் பேர் போனோம். கொளத்தூரில் 2023-ல் ஆளே இல்லாத பிரியாணி பார்சல் கடை ஒன்று வந்தது. திரையைத் தொட்டுப் பணம் கட்டினால் பெட்டிக் கதவு திறக்கும். அதற்குப் பத்து வருஷம் முன்பே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் படித்த இரண்டு மாணவர்கள் தோசை சுடும் இயந்திரம் செய்து அதையே பெங்களூரில் கம்பெனியாக்கினார்கள்.

இவையெல்லாம் ஹோட்டல் வேலையைக் காலி செய்துவிட்டனவா? இல்லை. ஜப்பானில் நாகசாகி பக்கம் 2015-ல் ‘ஹென்-னா’ என்ற ஹோட்டலை முழுக்க ரோபோக்களை வைத்தே ஆரம்பித்தார்கள். வரவேற்பில் டைனோசர் ரோபோ. அறையில் இருந்த பொம்மை ரோபோ, விருந்தாளி குறட்டை விட்டால் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து அவரை எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டதாம். 2019-ல் 243 ரோபோக்களில் பாதிக்கும் மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டன என்று செய்தி வந்தது. நம்ம சப்ளையர் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்தார். “நோட்டீஸ் குடுத்தாங்களாமா?” என்று கேட்டார்.

ரோபோ பார்வைக்குப் பெரிதாகத் தெரிகிறது, அதனால் பத்திரிகையில் படம் வருகிறது. அட்டையும் கேமராவும் பார்வைக்கே தெரிவதில்லை. அந்த ஹோட்டலில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அண்ணன் ஒருநாள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சொன்னார். முதலில் போனது டிப்ஸ். பில்லை அட்டையில் வைத்துக் கொடுத்தால் மீதிச் சில்லறையில் பத்து ரூபாயாவது தங்கும். போனில் கட்டினால் பைசா சுத்தமாக முடிந்துவிடும். அவர் கணக்கில் ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது குறைந்தது. மாதத்துக்குப் போட்டால் ஊரில் பெண்ணின் காலேஜ் ஹாஸ்டல் பணம். அடுத்தது, வாடிக்கையாளரோடு இருந்த உறவு. யாருக்கு சர்க்கரை கம்மி, யாருக்கு முறுகல், யார் தினமும் சட்னி மூன்று தடவை கேட்பார் என்பது அவர் தலைக்குள் இருந்தது. அதுதான் அவருக்குக் கல்லாவில் மரியாதை வாங்கிக் கொடுத்தது. கஸ்டமர் அவரைத் தேடி வருகிற வரைக்கும் முதலாளி அவரை அனுப்ப யோசிப்பார்.

“அந்த மிசினுக்கு உங்க பேரு தெரியும் சார், போன் நம்பர் தெரியும். எனக்குப் பேரு தெரியாது. ஆனா நீங்க செவ்வாக்கெழம வெங்காயம் சாப்புட மாட்டீங்கன்னு தெரியும்.”

உண்மைதான். அம்மாவுக்காக ஆரம்பித்த பழக்கம், அவரிடம் நான் சொன்னதே இல்லை.

கேமரா வேறு வகை. கால் வலித்தால் தூணில் ஒரு நிமிஷம் சாய்வார்கள். அது ராத்திரி அறிக்கையில் ‘சும்மா’ என்று வரும். ஒரிசாப் பையன் ஒருவனுக்கு அதை வைத்து அரை நாள் சம்பளம் பிடித்தார்களாம். அதற்கப்புறம் எல்லாரும் ஒரு வேலை கற்றுக்கொண்டார்கள். கையில் ஈரத்துணியோடு, ஏற்கெனவே துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைப்பது. மென்பொருளுக்கு அது வேலை. “இப்பத்தான் சார் மேசையெல்லாம் பளபளன்னு இருக்கு” என்றார். பஞ்சாலையில் மேஸ்திரி தலை தெரிந்ததும் ராட்டையைச் சுற்றியவர்களின் பேரன்கள்தானே.

முதலாளி பக்கமும் கேட்டேன், கேட்காமல் எழுதுவது நியாயமில்லை. அவரும் நல்ல மனுஷர்தான். ஆள் கிடைப்பதில்லை, வருகிறவன் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை, வாடகை ஏறிவிட்டது, டெலிவரி ஆப்கள் கமிஷனை உருவிக்கொள்கின்றன என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்றதற்கு அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். “அவங்ககிட்ட எதுக்கு சார் சொல்லணும்? மிசின் நான்தான வாங்குறேன்.”

இங்கேதான் 1983-ல் கையெழுத்து கேட்கப்பட்ட கிளார்க்கும் இந்த அண்ணனும் பிரிகிறார்கள். வங்கி ஊழியர் நிரந்தரம். சங்கத்துக்குச் சந்தா கட்டினார், தன் பக்கம் பேச ஆள் வைத்திருந்தார், ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் ஊரே நின்றது. பதினைந்து மேசை ஹோட்டலில் எட்டுப் பேர். மூன்று மொழி. தூங்குவது முதலாளி கொடுத்த அறையில், மாடியில். வாக்குவாதம் செய்தால் வேலையோடு படுக்கையும் போகும். இவர்களுக்குக் கையில் இருக்கிற ஆயுதம் இரண்டுதான்: அட்டையைக் கவிழ்ப்பது, இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிடுவது. தமிழில் ‘வேலைய விட்டு நின்னுட்டான்’ என்கிறோம். முதலாளிகள் புலம்புகிற ‘ஆள் கிடைக்கல’ என்பதில் ஒரு பங்கு இந்த நின்றுபோனவர்கள்தான் என்பது என் எண்ணம். அதை யாரும் வேலைநிறுத்தம் என்று எண்ணுவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஒரே நாளில் நிற்பதில்லை.

ஹோட்டல் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் பூந்தமல்லி சாலைக்கு மேலே மெட்ரோ பாலம். அது ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கான பாதை. 2024-லிருந்து பூந்தமல்லி பணிமனையில் சோதனை நடந்தது. எதிரே டெப்போ. பஸ் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே அந்தப் பாலத்தைப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு யூனியன் இருக்கிறது, சுவரில் போஸ்டர் இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு அது இல்லை. நடுவில் இருப்பது நாற்பது தப்படி.

போன மாதம் அண்ணனிடம் இருபத்தோரு நாள் நோட்டீஸ் பற்றிச் சொன்னேன். 1956-லிருந்தே இருக்கிறது, புதுச் சட்டத்திலும் இருக்கிறது, ஆளைக் குறைக்கும் இயந்திரம் என்றால் முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். கையில் வழக்கம்போல ஈரத்துணி.

“எழுத்துல தருவாங்களா?”

“தரணும்ணே. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

கொஞ்ச நேரம் யோசித்தார். கவுண்டர் பக்கம் ஒரிசாப் பையன் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அவனுக்கு எந்த பாஷைல தருவாங்க சார்?”

பதினோராம் மேசைக்கு ஆள் வந்துவிட்டது. அட்டையைப் படுக்க வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்கப் போனார்.